குட்டி சாப்பிட்டுவிட்டது

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இங்கே சௌக்கியம். போனில் நாலு வார்த்தை பேசினாலே உனக்கு இருமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் கடிதம். அவசரமில்லாமல் படி.

முதலில் உன்னிடம் திட்டு வாங்கவேண்டிய விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீ சொல்லி வைத்திருந்த பொமரேனியன் குட்டியை, 'இனி வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்' என்றாய். சொல்லத்தான் போனேன். அந்த வீட்டம்மா கதவைத் திறந்த கையோடு, உங்கள் தங்கைக்கென்று எடுத்து வைத்தது இதுதான் என்று என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். வேண்டாமென்றாலும் பரவாயில்லை, கேட்டு ஆள் காத்திருக்கிறது என்றும் சொன்னார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவ வந்துடுவா. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று வந்தது. நாயைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறவள் நான்.

வீட்டைத் தயார் செய்துவிட்டு அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். என் தையல் மிஷினைச் சுற்றிக் குண்டூசி எப்படி இறைந்து கிடக்கும் என்று உனக்குத் தெரியும். காந்தத்தைக் கயிற்றில் கட்டி அறை முழுக்க இழுத்தேன், ஒரு டப்பா நிறைய வந்தது. நூல், பட்டன், வெட்டுத் துணி எல்லாம் அலமாரி மேல் ஏறின. அத்தான் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு, தரையில் கிடந்த ஒயர்களைச் சுவரோடு சேர்த்து அடித்தார். நம் கல்யாணத்துக்குக்கூட இந்த வீடு இவ்வளவு சுத்தமாகவில்லை என்று ஒரு முணுமுணுப்பு வேறு. நாய்க்குட்டி சோபாவிலிருந்து குதித்தால் கால் முறிந்துவிடுமாம், எலும்பு அவ்வளவு மெல்லிசு. மெத்தைகளைக் கழற்றித் தரையில் போட்டோம். இப்போது நாங்களும் தரையில்தான். முட்டி வலியைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

வந்த அன்று கட்டிலடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வைத்த சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. புது இடம், பசித்தால் தானே வரும் என்று அத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை தூக்கினால் துவண்டு விழுகிறது. தலை நிற்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தான்தான் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே, போர்த்தி எடுத்து வாருங்கள் என்றார் அந்தம்மா. அத்தான் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வழி நெடுக நான் தடவிக்கொண்டே போனேன். க்ளினிக் வாசலில் என் விரலை லேசாக நக்கியது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அத்தானிடம் கேட்டுப் பார், இல்லை என்று சொல்லமாட்டார்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "பசிக்கலபோலன்னு விட்டுடாதீங்க. சின்ன ஜாதிக் குட்டி, உடம்புல சேமிப்பே கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. தட்டுல வெச்சா தின்னலன்னா கையில வெச்சுக் குடுங்க" என்றார்.

கையில் வைத்துக் கொடுத்தேன். வெந்நீரில் ஊறவைத்து மசித்து, கட்டிலடியில் கையை நீட்டிப் படுத்துக் கிடந்தேன். யூனிஃபார்ம் ஆர்டர் ஒரு பக்கம் காத்துக் கிடந்தது. கிடக்கட்டும். சாயந்திரம் நாக்கு வந்தது, பிறகு மூக்கு, பிறகு முழுக்குட்டியும். இப்போது நான் மிஷினில் உட்கார்ந்தால் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறது. அத்தான் வாசலில் செருப்பைக் கழற்றும் முன் அவர் காலுக்குள் புகுந்துவிடுகிறது. "குட்டி" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் நீ வந்துவிட்டாயோ என்று நான் எட்டிப் பார்க்கிறேன். நீ வந்து வேறு பெயர் வைத்தால் பிழைப்பேன்.

உன் உடம்புக்கு நாய் ஆகுமா என்று கால்நடை டாக்டரைக் கேட்டேன். அதை உங்கள் தங்கையின் டாக்டரிடம் கேளுங்கள் என்று சிரித்தார். கேட்டுவிட்டேன். உன் ரத்த அணுக்களின் அளவு ஏறட்டும், நாய்க்கு எல்லாத் தடுப்பூசியும் முடியட்டும், பிறகு தடையில்லை என்றார். ஊசிகளைத் தவறாமல் போட்டு வருகிறேன். என் பங்கு அது.

நேற்று உங்கள் வார்டு நர்ஸ் பேசினார். உன் தட்டு போனபடியே திரும்பி வருகிறதாம். ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை வருகிறேன். இங்கே அத்தான் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறார். வார்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்படாதே. உனக்குப் பல் முளைக்கும் முன்பே ஊட்டிய கை இது. நீ வாயை மட்டும் திற.

உன்னை இடுப்பில் சுமந்த
அக்கா