வடக்கு கேலரி கேட்ட ஜெர்சி

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தோம். இரண்டு கோலும் தாபியோ அடித்தது. நான் கடைசி நான்கு நிமிடம் ஆடினேன். அதில் மூன்று நிமிடம் பந்து வெளியே கிடந்தது.

பதினாறு வருடமாக ரோக்காபியானா அணிக்கு ஆடுகிறேன். இதே ஊரில் பிறந்தவன். முதுகில் ஒன்பதாம் எண். இன்னும் கேப்டன் நான்தான், ஆனால் ஆட்டம் தொடங்கும்போது கேப்டன் பட்டையை ஃபுஸ்கோவின் கையில் மாட்டிவிட்டு நான் பெஞ்சுக்குப் போகிறேன். ஒன்பதாம் எண் நன்றாக உட்காருகிறது என்று டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு ஜோக் ஓடுகிறது. நானும் சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

ரொட்டிக் கடை வரிசையில் ஒரு அம்மா: "அந்த ஃபின்லாந்துப் பையன் மட்டும் வரலேன்னா நாம இந்நேரம் கீழ் டிவிஷன்ல கெடப்போம். இல்லயா கேப்டன்?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

போன வருடம் வரை ஒரு அணிக்கு மூன்று வெளிநாட்டவர்தான். இப்போது ஐரோப்பாக்காரர்களுக்கு அந்தக் கணக்கே இல்லை. ஜனவரியில் தாபியோ லெஹ்தொலா வந்து இறங்கினான். அன்று நாங்கள் கடைசி இடம். இன்று கடைசியிலிருந்து ஆறாவது. கடைசி நான்கு அணிகள் கீழே இறங்க வேண்டும். எல்லாம் அவனால்தான் என்கிறார்கள். அவனுக்குப் பந்து கொடுப்பது யார்? ஃபுஸ்கோ. ஃபுஸ்கோ எந்த ஊர்? நம் ஊர். இதை யாரும் எழுதுவதில்லை.

அவனைப் பற்றி வேறு குறை சொல்லவும் முடியவில்லை. யார் எதைச் சொன்னாலும் நம்புவான். வந்த புதிதில் ஃபுஸ்கோ விளையாட்டாக, "புதுசா வந்தவங்க மலைமேல இருக்கிற மாதா கோயிலுக்கு நடந்தே போய்ட்டு வரணும்" என்று சொல்லிவிட்டான். பதினொரு கிலோமீட்டர், பனியில். போய்விட்டு வந்தான். விஷயம் தெரிந்ததும், "நல்ல கோயில்" என்றான். அவ்வளவுதான். இப்படி ஒருவன்மேல் எப்படிக் கோபப்படுவது? நான் படுகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சொந்த மைதானத்தில் பூஜ்யத்துக்கு மூன்று. தாபியோ ஒரு பெனால்டியை வெளியே அடித்தான். ஆட்டம் முடிந்ததும், தீவிர ரசிகர்கள் நிற்கும் வடக்கு கேலரி கூப்பிட்டது. இந்த ஊரில் மோசமாகத் தோற்றால் அணி அந்த கேலரிக்கு முன்னால் போய் நின்று திட்டு வாங்க வேண்டும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒருவனுடைய எண்ணைச் சொல்லி, ஜெர்சியைக் கழற்று என்பார்கள். நீ இதைப் போட லாயக்கில்லை என்று அர்த்தம். அவன் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, நிமிராமல் உள்ளே போக வேண்டும். என் காலத்தில் இரண்டு முறைதான் நடந்திருக்கிறது. கேப்டன் முன்னால் வந்து அவனுக்காக மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள்.

இன்று இருபத்தேழு, இருபத்தேழு என்று கத்தினார்கள். அது தாபியோவின் எண். இங்கே சந்தோஷத்துக்கும் இதே கத்தல், கோபத்துக்கும் இதே கத்தல். அவனுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். அவன் என்னிடம் குனிந்து, "என்ன கேக்குறாங்க?" என்றான்.

நான் சொன்னது இது. ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"உன் ஜெர்சிய. ஞாபகமா வச்சுக்கணுமாம். உன்ன அவ்வளவு புடிச்சிருக்கு."

"தோத்துட்டோமே."

"தோத்தாலும் புடிச்சிருக்கு."

அவன் முகம் மலர்ந்தது. கழற்றினான், சுருட்டினான், முன்வரிசைக்கு வீசினான். கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தட்டினான்.

கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. பிறகு பாட்டில், நாணயம், சிகரெட் லைட்டர் எல்லாம் வந்தது. லைட்டர் அவன் புருவத்தைக் கிழித்தது. நான் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து, கேலரியைப் பார்த்துக் கையமர்த்தி, உள்ளே கூட்டி வந்தேன். என் சட்டையெல்லாம் அவன் ரத்தம்.

ஏன் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

பேப்பரில் என் படம். "வெளிநாட்டவனைக் காத்த கேப்டன்." ரொட்டிக் கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதே பக்கத்தில் நெரோனேயின் பேட்டி. வடக்கு கேலரிக்குத் தலைவன், டயர் கடை வைத்திருக்கிறான். பள்ளியில் என் பக்கத்து இருக்கை. "தோத்துட்டு எங்களப் பாத்துக் கைதட்டுறான். இந்த ஊர்ல அவனுக்கு இனி வேலை இல்ல."

லொரெதானா நேற்று ஸ்டாண்டில் இருந்தாள். வெங்காயம் வதக்கிக்கொண்டே கேட்டாள்: "கழட்டுறதுக்கு முன்னாடி அவன் உங்கிட்ட என்னமோ கேட்டானே. நீ என்ன சொன்ன?"

"ஞாபகம் இல்ல."

கட்டின புருஷன் பொய் சொல்வது தெரிந்தால் அவள் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். வைத்தாள்.

மே 1, வியாழன்

தோற்றதற்குத் தண்டனையாக அணியை மலை ஓட்டலில் அடைத்துவிட்டார்கள். ஞாயிறு வரை வீடு கிடையாது. எனக்கும் தாபியோவுக்கும் ஒரே அறை. "உங்கூட இருந்தாத்தான் அவனுக்குத் தெம்பா இருக்கும்" என்றார் கோச் கல்வானி.

மதிய ஓய்வு நேரம். புருவத்தில் மூன்று தையலோடு படுத்திருந்தான். அவன் கார் டயர் நான்கையும் கிழித்துவிட்டார்களாம். மழலையர் பள்ளியில் ஒரு அம்மா அவன் மகள் பக்கத்திலிருந்து தன் பிள்ளையை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்தாளாம். அவன் மனைவி ஆன்னெலி நான்கு நாளாக வெளியே வரவில்லை.

பிறகு சொன்னான்: "கழட்டச் சொன்னா அவமானம்னு ஃபுஸ்கோ சொன்னான். உனக்குச் சரியாக் கேக்கல போல. அன்னைக்கு சத்தம் ஜாஸ்தி."

எனக்கு அவனே சாக்கு எடுத்துக் கொடுக்கிறான்.

"ஆமா" என்றேன். "சத்தம் ஜாஸ்தி."

"யார் சொல்லிக் கழட்டினன்னு ஃபுஸ்கோ கேட்டான். நான் சொல்லல. உனக்குச் சங்கடமா இருக்கும்ல."

சீ, நான் என்ன மனுஷன்?

மே 3, சனி

தாபியோ கோச்சிடம் சொல்லிவிட்டான்: "என்ன வேண்டாங்கிறவங்களுக்காக ஆட முடியாது." கோச் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். அசையவில்லை. என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ, இவானோ" என்றார்.

சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

வெளியூர் ஆட்டம். பூஜ்யத்துக்கு ஒன்று, தோல்வி. தொண்ணூறு நிமிடமும் ஆடினேன்.

முப்பத்தோராவது நிமிடம் ஃபுஸ்கோ பந்தை வெட்டவெளிக்கு அனுப்பினான். தாபியோ இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு. நான் இரண்டு எட்டு பின்னால். ஃபுஸ்கோ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்னொன்றும் இன்றுதான் புரிந்தது. தாபியோ ஓடினால் எதிரணித் தடுப்பாட்டக்காரர் இரண்டு பேர் பயந்து பின்வாங்குவார்கள். அந்த இடைவெளியில்தான் ஃபுஸ்கோவுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். இன்று என்னைப் பார்த்து யாரும் பின்வாங்கவில்லை. ஃபுஸ்கோ காலடியிலேயே நின்றார்கள். நம் ஊர்ப் பையன் நன்றாக ஆடியதே அந்த வெளிநாட்டவனால்தான். இதைத்தான் தலைகீழாக்கி, யாரும் எழுதுவதில்லை என்று அன்று பெரிதாக எழுதினேன்.

மே 8, வியாழன்

முழங்காலில் ஐஸ். லொரெதானா இன்னும் சரியாகப் பேசவில்லை.

மே 11, ஞாயிறு

கோல் இல்லாமல் சமன். கடைசி நான்கில் விழுந்துவிட்டோம். அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம், சொந்த மைதானம். ஜெயித்தால் தப்பிப்போம். சமன் செய்தாலும் கீழேதான். கீழே போனால் பாதி ஆட்களை அனுப்பிவிடுவார்கள், துணி துவைக்கிற ரொசால்பா வரைக்கும்.

தாபியோ புதன்கிழமை விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டானாம்.

மே 12, திங்கள்

லொரெதானாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நானா போய் கோல் அடிக்கப் போறேன்?"

"உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"உன் முகம் எனக்குத் தெரியாதா? பதினஞ்சு நாளா நீயே வந்து சொல்லுவேன்னு பாத்துட்டிருக்கேன். போ. அவங்கிட்டப் போய்ச் சொல்லு."

மே 13, செவ்வாய்

அவன் வீட்டில் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. ஆன்னெலி காபி கொடுத்தாள். அதைக் குடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. குடித்தேன்.

"எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு, தாபியோ. தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்."

அவன் தன் கோப்பையைக் கீழே வைத்தான். குழந்தை உள்ளே ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"ஏன்?"

"உம்மேல பொறாமை."

புருவத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லிட்டே, சரி" என்றான். "எம்மேல எறிஞ்சவங்க அவங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு ஃப்ளைட்."

மே 14, புதன்

காலையில் நெரோனேயின் டயர் கடை. ஞாயிறுக்கான பேனர்களைத் தரையில் விரித்து வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள், பத்துப் பன்னிரண்டு பேர். சுவரோரம் என் பேனரும் இருந்தது: "இவானோ நம் ரத்தம்." பத்து வருடத்துத் துணி.

சொன்னேன். யாரும் நம்பவில்லை. நெரோனே என் தோளில் கை போட்டான். "உன் மனசு எங்களுக்குத் தெரியாதா? அவன ஆட வைக்கணும்னு பழிய உந்தலைல போட்டுக்கிறே. கேப்டன்னா இவன்தான்டா."

எழுந்து வந்திருக்கலாம். சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு. கால் வாசல் பக்கம் திரும்பக்கூடச் செய்தது.

"நெரோனே, பொய் சொன்னா எனக்குக் காது செவக்கும்னு வாத்தியார்கிட்ட மாட்டிவிடுவியே. இப்ப பாரு. செவந்திருக்கா?"

பார்த்தான். இரண்டு காதையும் பார்த்தான். தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"நம்மாளு ஒருத்தனே..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு சுவரோரம் போய் என் பேனரைச் சுருட்டினான். "ஞாயித்துக்கிழமை கூப்பிடுவோம். வரணும்."

"வர்றேன்."

இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் தாபியோ வீட்டுக்கு வண்டியை எடுத்தான். போகும்போது நான்கு புது டயரையும் ஏற்றிக்கொண்டான். இப்போது மணி ஏழு. ஆறு மணி விமானத்தில் தாபியோ ஏறவில்லை என்று ஃபுஸ்கோ போன் செய்தான்.

மே 18, ஞாயிறு

ஒன்றுக்குப் பூஜ்யம். தப்பித்தோம்.

எழுபத்தோராவது நிமிடம் தாபியோ இடது பக்கம் ஓடினான். இரண்டு பேர் அவனோடு போனார்கள். ஃபுஸ்கோவுக்கு முன்னால் வாசல் திறந்த மாதிரி இருந்தது. அவன் உதைப்பதற்கு முன்பே நான் பெஞ்சிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை. இன்று நான் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

முடிந்ததும் கேலரி பாடியது, அழுதது, தாபியோவின் பெயரைச் சொல்லியே பத்து நிமிடம் கத்தியது. பிறகு அடங்கியது. ஒன்பது, என்றார்கள்.

தனியாகப் போனேன். எனக்காக மன்னிப்புக் கேட்க கேப்டன் யாரும் இல்லை, நான்தானே கேப்டன். ஜெர்சியைக் கழற்றி, மடித்து, புல்லில் வைத்தேன். யாரும் எதையும் எறியவில்லை. ஸ்டாண்டில் லொரெதானா நின்றுகொண்டிருந்தாள். நிமிராமல் திரும்பி நடந்தேன்.

சுரங்கவழி வாசலில் தாபியோ. தன் ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினான். "குளிரும்" என்றான்.

நல்ல மே மாத வெயில். போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சார்டீனியா. மூன்றாம் பிரிவு. இந்தத் தீவில் என்னை எடுக்க ஒரு அணி இருந்தது. லொரெதானா இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை கேட்டிருக்கிறாள், கிடைத்தால் வருவாள். ரோக்காபியானாவில் இந்த வருடம் ஐந்து வெளிநாட்டவர். கேப்டன் பட்டை தாபியோ கையில்.

இன்று முதல் ஆட்டம். பூஜ்யத்துக்கு இரண்டு, தோல்வி. நான் ஒரு நல்ல வாய்ப்பை வீணடித்தேன். ஸ்டாண்டிலிருந்து கத்தினார்கள், அவர்கள் தீவு மொழியில். என் பெயர் மட்டும் புரிந்தது. பக்கத்தில் கேப்டன் எஃபிசியோ நின்றான். இருபத்திரண்டு வயது. நான் வந்ததால் அவனுடைய நண்பனுக்கு அணியில் இடம் போயிருக்கிறது.

"என்ன கேக்குறாங்க?" என்றேன்.

அவன் ஸ்டாண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அதற்குள் என் கை ஜெர்சியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"வயசான ஆள எதுக்கு எடுத்தீங்கன்னு கேக்குறாங்க. நீங்க உள்ள போங்க. நான் பேசிக்கிறேன்."

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் போய் நின்று அவர்களிடம் பேசினான். நான் உள்ளே போகவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.