கடலுக்குத் தைத்த சுடிதார்

அன்புள்ள அக்கா,

உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்த பையை இன்று மதியம்தான் திறந்தேன். முதலில் வந்தது மிளகு வாசம். அதன் பின்னால் புதுப் பருத்தித் துணியின் கஞ்சி வாசம். பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புக்கு மடிப்பு மிளகைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அது என் தோட்டத்து மிளகு. சமையலுக்கென்று நான் கொடுத்ததை எல்லாம் துணிப்பெட்டியில் கொட்டிவிட்டு ரசத்துக்கு என்ன செய்தீர்களோ தெரியவில்லை. இதைக் கேட்டுச் சண்டை போடத்தான் இப்போது ஆள் இல்லை.

நம் சோளக்காட்டுச் சந்தையில் என் பழக்கடைக்கும் உங்கள் தையல் கடைக்கும் நடுவே ஒரு தகரம்தான் சுவர். அதைத் தட்டித் தட்டியே நாம் பேசித் தீர்த்தோம். இப்போது அந்தப் பக்கம் செல்போன் கடை வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் சில நாள் தட்டிவிடுகிறேன். யாரோ என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். கை பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வாழைத்தாரைத் திருப்பி வைக்கிறேன்.

பைக்குள் இருந்தவை நாம் அந்தமான் போவதற்காக நீங்கள் தைத்த இரண்டு சுடிதார்கள். ஒரே துணி, கருநீலத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ரவிக்கை தைக்க வந்த ஒரு டீச்சர். அந்தமான் போய்வந்த படங்களை அவர் செல்போனில் தள்ளித் தள்ளிக் காட்டியபோது, நீங்கள் பல்லில் கடித்த நூலை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் பஸ் ஏறியதும் தகரம் தட்டப்பட்டது. "கண்ணு, நாம ரெண்டு பேரும் ஒருக்கா தீவுக்குப் போயிட்டு வந்துரலாமா?" என்றீர்கள், ஏதோ மலைக்குக் கீழே இருக்கும் சேந்தமங்கலத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. நான் கடலையே பார்த்ததில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றே ஆரம்பித்தது என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது என்ற சண்டை. நான் மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவள். எனக்குத் தெரிந்து காற்றடித்தால் குளிரும். தீவைச் சுற்றிலும் தண்ணீர், தண்ணீர் மேல் எப்போதும் காற்று, அப்படியென்றால் எவ்வளவு குளிரும் என்று கணக்குப் போட்டு ஸ்வெட்டர், மப்ளர், காலுறை, போதாததற்கு ஒரு கம்பளி என்று அடுக்கினேன். நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். அடிவாரத்து ஊரில் பிறந்து, எங்கள் மலைக்கு மருமகளாக வந்து, சித்திரை மாதத்தில்கூட சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றாத நீங்கள் என் கம்பளியைப் பார்த்துச் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க மலையில அடிக்கிறது போத்திக்கிற காத்து. அங்க அடிக்கிறது கழட்டிப் போடுற காத்து" என்றீர்கள். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போய்வந்தவர் என்பதால் கடல் விஷயத்தில் நம் இருவரில் நீங்கள்தான் பெரிய ஆள். நானும் அடங்கிப்போனேன். ஆனாலும் அடுத்த முறை பேச்சு வந்தபோது ஸ்வெட்டரை மறுபடி சேர்த்தேன். நீங்கள் மறுபடி நீக்கினீர்கள். நாம் பேச்சிலேயே கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியில் என் ஸ்வெட்டர் எத்தனை முறை ஏறி இறங்கியதோ.

சேலைதான் பெரிய தகராறு. ஐம்பதைத் தொடப்போகிற வயதில் பேண்ட் மாட்டிக்கொண்டு நின்றால் ஊர் சிரிக்கும் என்றேன். படகில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும், முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும், டீச்சரே சுடிதாரில்தான் போனார் என்றீர்கள். "சீலை நனைஞ்சா உன்னையத் தூக்க நாலு பேரு வேணும் கண்ணு. அங்க உன்னைய ஆரு பாக்கறாங்க? அவங்கவங்க கடலைப் பாத்துட்டு இருப்பாங்க." வெயிலுக்கு வெள்ளைதானே நல்லது என்று வேறு வழியில் வாதாடிப் பார்த்தேன். வெள்ளை நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஊருக்குத் தெரியும், அதனால்தான் கருநீலம் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டீர்கள். கை முட்டிக்குக் கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் கறுத்து உரியும். துணி உடம்பில் ஒட்டாமல் தொளதொளவென்று இருக்க வேண்டும். நான் ஆசையாக வாங்கி வைத்த தேங்காய்ப்பூத் துண்டு உப்புக்காற்றில் காயவே காயாது, ஈரிழைத் துண்டு போதும். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது.

அளவெடுத்த நாளை மட்டும் நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. டேப் இடுப்பைச் சுற்றியதும் நான் வயிற்றை எக்கிக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, அதுவாகவே எக்கிக்கொண்டது. நீங்கள் டேப்பைத் தளர்த்திவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"மூச்ச இழுத்துப் புடிக்காத கண்ணு. அங்க போனா மூச்சு விட்டுத்தான் ஆகோணும்."

நான் எங்கே இழுத்துப் பிடித்தேன், என் உடம்பே இவ்வளவுதான் என்று அடித்துச் சொன்னேன். நீங்கள் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டீர்கள். என் பேச்சை மதித்து அந்த அளவையே எடுத்துக்கொண்டதாகத்தான் நான் நினைத்தேன். எனக்குப் பெருமைகூட.

துணி தைத்தாயிற்று. போகத்தான் முடியவில்லை. மிளகு பறிப்பு முடியட்டும் என்பேன் நான். தீபாவளித் தையல் முடியட்டும் என்பீர்கள் நீங்கள். பலாப்பழ சீசன், திருவிழா, பள்ளிக்கூடச் சீருடை என்று ஒன்று போனால் ஒன்று வந்தது. இரண்டு பேருமே நாளைக்கு நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் உங்களுக்கு வயிற்றுவலி வந்தது. சேலத்துக்குப் போனீர்கள், வந்தீர்கள், மறுபடியும் போனீர்கள். ஆஸ்பத்திரியில் நான் கொண்டுவந்த மலைவாழைப்பழத்தைத் தின்ன முடியாமல் மோந்து மட்டும் பார்த்துவிட்டு, "துணி தைச்சாச்சு. போவாம இருந்தா அதுக்கே நம்ம மேல கோவம் வந்துரும்" என்றீர்கள். போகலாங்க்கா, எந்திரிச்சு வாங்க என்றேன். அந்த ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு அந்தமான் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. உங்கள் மகள்தான் விடவில்லை. சேலத்தில் வேலை பார்க்கிறவள், நாமக்கல்லில் இருந்து கூட்டமாகப் போகிறவர்களோடு தனக்கும் எனக்கும் இடம் பிடித்துவிட்டுத்தான் எனக்கே சொன்னாள். மிளகு பறிப்பு நடக்கிறது என்றேன். நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத மனுஷர், அன்றைக்கென்று பேசினார். சரி என்று தலையாட்டினேனே ஒழிய, உள்ளுக்குள் எனக்கு மனசே இல்லை. நீங்கள் இல்லாமல் நான் மட்டும் போய்க் கடலைப் பார்ப்பது உங்கள் தட்டிலிருந்து எடுத்துத் தின்பது போல இருந்தது.

இன்று மதியம் அந்தச் சுடிதாரைப் போட்டுப் பார்த்தேன். தலை நுழைந்தது, கை நுழைந்தது, வயிற்றுக்கு மேலே வந்து நின்றுகொண்டது. இழுத்துப் பார்த்தேன். மூச்சை எக்கினால் இறங்குகிறது, விட்டால் தையல் முறுக்குகிறது. எனக்கு வருத்தமே இல்லை அக்கா, உள்ளதைச் சொல்கிறேன். போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. கழற்றி மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து, அளவு சரியில்லை சாமி, நீ மட்டும் போயிட்டு வா என்று உங்கள் மகளிடம் சொன்னேன்.

அவள் உங்கள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது தைத்த மாதிரி பொருந்தியிருந்தது. பின்பக்கமாகப் பார்த்தபோது ஒரு நிமிஷம் நீங்களே என்று நினைத்துவிட்டேன்.

"நீங்க வரலைன்னா நானும் போகலைங்க சின்னம்மா. ரெண்டையும் அம்மா வெச்ச மாதிரியே வெச்சு மூடிருவேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, டாப்பைக் கழற்ற உள்ளே போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, உங்கள் மேல். ஊருக்கெல்லாம் அளவு பார்த்துத் தைத்தவர், எனக்கு மட்டும் இப்படிக் குருவிக்குத் தைப்பது போலத் தைத்து வைத்திருக்கிறீர்களே என்று முனகிக்கொண்டே, பிரித்துவிடத் துணி இருக்கிறதா என்று டாப்பை உள்பக்கம் திருப்பினேன்.

பக்கத்துக்கு இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தீர்கள். அதில் மூன்று தையல்கள் வரிசையாக ஓடின. உடம்பை ஒட்டிய முதல் தையல் நான் வயிற்றை எக்கிக் கொடுத்த பொய் அளவு. அது பெரிய பெரிய இடைவெளி விட்டு, இழுத்தால் வந்துவிடுகிற அகலத் தையல். அதற்கு அடுத்தது நெருக்கமான, உறுதியான தையல். உங்கள் கடையில் இத்தனை வருஷம் வந்துபோன எனக்கு அது எதற்கென்று சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் தையலின் முனையைப் பிடித்து இழுத்தேன். நூல் ஒரே ஓட்டமாகக் கையோடு வந்துவிட்டது. மறுபக்கமும் அப்படித்தான். போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று, நீங்கள் சொன்ன மாதிரியே, உடம்பில் ஒட்டாமல் இறங்கியது.

நான் சொன்ன பொய்யை நீங்கள் நம்பவே இல்லை. என் முகம் வாடக்கூடாது என்று என் அளவுக்கு ஒரு தையல் போட்டுவிட்டு, நிஜத்துக்கு ஒன்று உள்ளே போட்டு வைத்திருக்கிறீர்கள். நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். உங்கள் மகள் ஓடிவந்து என்னைப் பார்த்தாள், சுடிதாரைப் பார்த்தாள், கையில் இருந்த நூலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் அழுதாள், நடுவிலேயே சிரித்தும்விட்டாள். தையல்காரி பெண் அல்லவா.

சாயங்காலம் பெட்டி கட்டினோம். விமானத்தில் எடை பார்ப்பார்களாமே, அதனால் கடைக்குத் தூக்கிப்போய் மிளகு நிறுக்கும் தராசில் பெட்டியை வைத்தேன். மிளகு வாங்க வந்தவர் பெட்டி கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார். எடை கூடுதலாக இருக்கவே, என் வீட்டுக்காரர் ஆசையாக உள்ளே வைத்த பலாச்சுளை வற்றலைப் பாதியாகக் குறைத்தோம். ஈரிழைத் துண்டு இருக்கிறது. பின்வார் வைத்த ரப்பர் செருப்பு, குடை, தேங்காய் எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் கைப்பையில் இருக்கிறது. சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டேன். கடைசியாக, யாரும் பார்க்காதபோது ஸ்வெட்டரை ஓரமாகச் செருகினேன். கொஞ்ச நேரம் கழித்து நானே வெளியே எடுத்து வைத்தேன். நீங்கள் இருந்து எடுத்திருந்தால் இன்னும் ஒரு தடவை செருகியிருப்பேன்.

விடிந்தால் பஸ். அக்கா, மூன்றாவது தையலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாவதுக்கும் அப்பால் இன்னும் ஒரு விரல் அகலம் தள்ளி அது ஓடுகிறது. நான் இன்னும் பெருப்பேன், இன்னும் பல வருஷம் இருப்பேன், இந்தத் துணியைப் போட்டுக்கொண்டு இன்னும் எங்கெங்கோ போவேன் என்று நீங்களாகவே முடிவு செய்து போட்டது. அதை நான் தொடவில்லை. அது அப்படியே உள்ளே இருக்க, சுடிதாரை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். நான் கடலைப் பார்க்கப் போகிறேன் அக்கா. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டுதான்.