கணுக்காலைப் பிடிக்க ஒரு ஆள்

என் அன்பு மகனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் எழுத வைப்பேன், இந்தத் தடவை மூன்று பேர் உடம்பும் நலம், என் மனசு மட்டும் நலமில்லை. வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததை நீங்கள் இரண்டு பேரும் எப்படிப் பயன்படுத்திக்கொண்டீர்கள் என்பது தெரிந்துபோய்விட்டது, அதனால் இதை முடித்ததும் மாடியில் இருக்கும் தையல்கார அம்மாவிடம் கொடுத்து, படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தபாலில் போடுவேன். இதைச் சொல்லும்போது இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாள், அதையும் எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, உன் அப்பா கட்டிலில் படுத்திருக்கும்போது அதே அறையில் நின்று ஏணி என்ற வார்த்தையை என்னால் வாயில் எடுக்க முடியாது. இன்று செவ்வாய், அவர் காலுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், இவள் வேலை பார்க்கும் லாண்டரிக்கும் விடுமுறை, அவர் ஐந்து மணிக்குத் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும்.

விஷயம் இதுதான். ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் தொப்பு தொப்பென்று சத்தம். என்னடி என்று கேட்டால், வாளி விழுந்துச்சும்மா என்பாள். ஒரே வாளி ஒரு மாதமாக விழுந்தால் இந்நேரம் உடைந்திருக்காதா. போன வாரம் கொடியில் துணி எடுக்கப் போனபோது சுவரைப் பார்த்தேன், என் தலைக்கு மேலே இரண்டு குதிகால் தடம். யார் சுவரில் நடந்து போனது என்று அங்கேயே நின்று யோசித்தேன். பிறகு இவளுடைய பாயை உதறும்போது நீ அனுப்பிய காகிதம் விழுந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் படம் தெரியாதா, தலைகீழாக ஒரு ஆளும் சுற்றிலும் அம்புக்குறிகளும். மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன், அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். கையைத் தோள் அகலத்துக்கு வை, விரல்களை நன்றாக விரி, முழங்கையை மடக்காதே, இரண்டு கைக்கும் நடுவில் தரையைப் பார், விழப்போகிறாய் என்று தெரிந்தால் ஒரு கையை நகர்த்திப் பக்கவாட்டில் திரும்பிக் காலை இறக்கு, என்னோடு தங்கியிருப்பவர் இதையெல்லாம் முன்பு கற்றவர், அவரிடம் கேட்டுத்தான் வரைந்தேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாயாம். உன் பொண்ணு வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன், தபால்லயே சர்க்கஸ் படிச்சிட்டு இருக்கா என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொல்லி முடித்த கடிதங்களுக்குக் கீழே இவள் தன் கேள்விகளை எழுதியிருக்கிறாள், உன் பதிலைப் படித்துக் காட்டும்போது அந்த இடங்களைத் தாண்டியிருக்கிறாள். என் கடிதத்தை இப்படிக்கு அம்மா என்று இவள் படித்து முடித்ததும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஏன் இந்த வேலை என்று இரண்டு நாள் விடாமல் கேட்டேன். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். லாண்டரியிலிருந்து துணி மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கும் இடங்களில் ஒன்று, சின்னப் பிள்ளைகள் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொள்ளும் ஒரு கூடமாம், தரை முழுக்க மெத்தை விரித்திருக்குமாம். அங்கே சொல்லிக்கொடுக்கும் டீச்சர், இவள் மூட்டையை இறக்கிவிட்டு வாசலிலேயே நின்று பார்ப்பதைக் கவனித்திருக்கிறாள். புள்ளைங்க தலைகீழா நிக்கும்போது கணுக்காலப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும், ஆனா தனக்கே நிக்கத் தெரியாதவ அடுத்தவங்களப் பிடிக்கக் கூடாது, ஒரு மாசம் கழிச்சு வந்து பத்து எண்ணுற வரைக்கும் நின்னு காட்டு, வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாள். எத்தனையாவது வரை படித்தாய் என்று கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் இவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அப்பா விழுந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் அதைக் கேட்காத ஆள் இதுவரை யாரும் இல்லை. நீராவி இஸ்திரி சுட்ட வடு இவள் கையில் இப்போது நான்கு, ஐந்தாவது வருவதற்கு முன்னால் அங்கிருந்து போய்விட வேண்டும் என்று எனக்கும்தான் ஆசை. அந்த ஒரு மாதம் வருகிற சனிக்கிழமை முடிகிறது.

ஆனால் இவளால் சுவர் இல்லாமல் மூன்று எண்ணுவதற்கு மேல் நிற்க முடியவில்லை. நீ வந்து காலை மட்டும் பிடிச்சுக்கோம்மா, நீ நிக்கிறேன்னு தெரிஞ்சாலே நின்னுடுவேன் என்று தினமும் கேட்கிறாள். அடுப்பில் வேலை இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை பக்கவாட்டில் திரும்பாமல் அப்படியே முதுகுப்பக்கம் சாய்ந்து விழுந்து, கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கதவைத் தாண்டி வரவில்லை. இவள் தானாக எழுந்து தலைமுடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி கையை ஊன்றினாள். அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஒரு கழுத்து மடங்குகிற மாதிரியே தெரிகிறது. எந்தக் கழுத்து என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

நான் ஏன் பிடிக்க மாட்டேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தரை ஈரமாக இருந்தது, ஏணி வழுக்கிவிட்டது என்றுதான் உன்னிடம் சொன்னோம், எல்லோரிடமும் அப்படித்தான். தரை காய்ந்துதான் இருந்தது. அன்றைக்கு அப்பாவோடு வேலைக்கு வரும் ஆள் வரவில்லை, அதனால் அவர் வேலை எடுத்திருந்த வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மேலே பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்ணில் தூசி விழுந்தது. ஒரு கையை எடுத்துத் தேய்த்தேன், எரிச்சல் அடங்கவில்லை, இன்னொரு கையையும் எடுத்தேன். அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். ஏன் விட்டாய் என்று அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இந்த இடத்தில் இவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்காமல், இதையும் எழுதவாம்மா என்று கேட்டாள். எழுது, மாடியில் அந்த அம்மாவும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

எழுதி முடித்துவிட்டு இவள் பேனாவை மூடி வைத்தாள். மணி நாலேகால்தான் ஆகுது, வாம்மா என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். ஏதோ கடைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். போனேன். சுவரோரம் வேண்டாம், சனிக்கிழமை சுவர் இருக்காது என்று நடுவில் பாயை விரித்திருந்தாள், நான் அதன் மேல் வீட்டிலிருந்த தலையணைகளை எல்லாம் கொண்டுபோய்ப் போட்டேன், இவள் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். மணிக்கட்டைச் சுழற்றிவிட்டுக் கையை ஊன்றி ஒரு காலை உதைத்தாள், பாதி உயரத்தில் திரும்பிவிட்டது. இரண்டாவது தடவை இரண்டு காலும் மேலே வந்துவிட்டன, நான் பாய்ந்து பிடித்தேன். பிடித்த பிறகு எதுவும் பார்க்க முடியவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கணுக்காலில் நாடி துடிப்பது மட்டும் உள்ளங்கையில் தெரிந்தது, என்னுடையதா இவளுடையதா என்று தெரியவில்லை. எண்ணும்மா என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஒன்று இரண்டு என்று எண்ணினேன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வருஷம் போனது. பத்து என்றதும் ஒரு காலை இறக்கி, பிறகு இன்னொரு காலை இறக்கி, சிவந்த முகத்தோடு எழுந்து நின்றாள். விடாமல் பிடித்திருந்தேன் மகனே, கடைசிவரை விடவில்லை. இப்போது உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

ஆனால் சனிக்கிழமை அந்தக் கூடத்தில் நான் பிடிக்க முடியாது. வாசலில் நிற்கலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள், நின்று என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. அதற்குள் உன் பதில் வந்து சேராது என்பதும் தெரியும், இருந்தாலும் விழும்போது எப்படித் திரும்புவது என்ற படத்தை இன்னும் பெரிதாக வரைந்து அனுப்பு, எனக்கும் புரிகிற மாதிரி வரை. நீயும் வேலையில் எங்கேயாவது ஏணியில் ஏற வேண்டி வந்தால், கீழே பிடித்திருப்பவர் கண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறு, மறந்துவிடாதே. குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. என் பிள்ளைகள் இரண்டு பேரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும், வேறு எதுவும் நான் வேண்டவில்லை. அப்பா வரும் நேரமாகிவிட்டது. இந்தக் கடிதத்தை மாடிக்குக் கொண்டுபோகவில்லை. கீழே நாலு வரி இடம் விடச் சொல்லியிருக்கிறேன், அதில் உன் தங்கை என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், யாரிடமும் படிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

அண்ணா, அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். ஆறு வரைக்கும்தான் பிடித்திருந்தாள். ஏழிலிருந்து பத்து வரை அவள் கை என் காலில் படவே இல்லை, வளையம் மாதிரி சுற்றி மட்டும் இருந்தது. அவளுக்கு அது தெரியாது, நான் சொல்லவும் இல்லை. சனிக்கிழமையை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் வாசலில் நின்று எண்ணினால் போதும்.