விடுங்க, என் பந்துங்க

1966 ஆகஸ்ட் 1, திங்கள்

காற்று. ஆடி என்றால் இப்படித்தான். காலையில் ஆற்றங்கரையில் விரித்த துணி பத்து மணிக்குள் காய்ந்தது. ஆனால் மேலெல்லாம் புழுதி. மறுபடி அலசு, மறுபடி விரி. சலவைப் பட்டறையில் இன்று ஒரே வேலை இரண்டு தரம்.

வாங்க வேண்டியது: பூட்ஸ் கயிறு, பந்துக்கு பிளாடர், வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்குத் தலைவலி மாத்திரை.

சுந்தரம் போய்விட்டார். கோயமுத்தூர் மில்லில் வேலை. ஐந்து வருஷமாக எங்கள் பனியன் கம்பெனி டீமுக்கு அவர்தான் கேப்டன். போகும்போது எல்லோர் எதிரிலும் என் தோளைத் தட்டி, "இனி நீதாம்ப்பா பாத்துக்கோணும்" என்றார். கோல்கீப்பர் பழனிசாமியும், "வேற ஆரு இருக்கறா, ஆரோக்கியந்தான்" என்றான்.

(சுந்தரத்துக்கு 'என்றார்', பழனிசாமிக்கு 'என்றான்'. நேரில் அவனுக்கும் 'ங்க'தான். இந்த நோட்டில் மட்டும் என் இஷ்டம்.)

எட்டு வருஷம் சென்டர் ஹாஃப். டிரில் மாஸ்டர் தை மாதம் நின்றதிலிருந்து காலைப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். ஆகஸ்ட் 15 கம்பெனிகளுக்குள் கோப்பை பைனல். இரண்டே வாரம். கேப்டன் ஆனால் செய்ய வேண்டியது என்று மூன்று விஷயம் யோசித்து வைத்திருக்கிறேன். எழுதமாட்டேன். கண் பட்டுவிடும்.

ஆகஸ்ட் 3, புதன்

நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று. அப்படியே எழுதி வைக்கிறேன்.

கேப்டன்: துரைசாமி.
கோச்: மேனேஜர்.
பந்து, பம்பு பொறுப்பு: ஆரோக்கியம்.

மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் பம்பு.

துரைசாமி முதலாளியின் மச்சினர் மகன். சித்திரையில்தான் டீமுக்கு வந்தான். ரைட் பேக். பையன் மோசமில்லை, ஓடுவான், காலில் பலம் உண்டு. ஆனால் ஆப்சைடு என்றால் என்னவென்று போன வாரம் என்னிடம் கேட்டான். மேனேஜர் பந்தைக் கையால் தொட்டதோடு சரி.

மத்தியானம் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கூடப் போட்டுவிட்டேன். கை எரிகிறது.

ஆகஸ்ட் 4, வியாழன்

காற்று குறையவில்லை. ஸ்டெல்லா காலையிலேயே சொன்னாள்: "போய்க் கேட்டுப்போட்டு வாங்க. மனசுக்குள்ள வெச்சுப் புழுங்காதீங்க." அவளுக்குச் செக்கிங் செக்‌ஷனில் வேலை. அங்கே ஓட்டைப் பனியனைத் தூக்கி எறிவார்கள். அந்தப் பழக்கத்தில் பேசுகிறாள்.

கேட்டேன். மேனேஜர் ரூமுக்கு வெளியே நின்றுதான்.

"ஏனுங்க, கேப்டன் விசயமா ஒரு வார்த்தைங்க."

"சொல்லு ஆரோக்கியம்."

"எட்டு வருசமா ஆடறனுங்க. பயிற்சியும் நாந்தான் குடுக்கறனுங்க."

மேனேஜர் பேனாவை மூடினான். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ ஆடறதுக்கு ஆரு என்ன சொன்னா? கேப்டன்னா கூப்பாடு போடோணும். ஓடு, குடு, விடு, அக்கட்டால போன்னு. நம்ம பசங்கள நீ அப்படிச் சொல்லுவியா?"

"ஆட்டத்துல மட்டுந்தானுங்களே."

"ஆட்டத்துல சொன்ன வாய் ரோட்டுல சும்மா இருக்குமா? அவனுக ஊட்டுல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ரோசன பண்ணிப் பாரு."

"அப்ப சேரி வளவுல பொறந்தவன்கிறதுதானுங்க காரணம்?"

அப்போதுதான் முகம் மாறியது. "இங்க ஆரு சாதி பேசுனா? நான் பேசுனனா? நீதான் பேசற."

நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். தப்பு. வரும்போது "சரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

வேலை குறைவு. நூல் வரவில்லை, நிட்டிங் பாதி மிஷின் நிற்கிறது. அதனால் யோசிக்க நேரம். யோசிக்க நேரம் இருப்பது நல்லதல்ல.

எண்ணிப் பார்த்தேன். மற்றவர்கள் ஆட்டத்தில் கத்துவது: குடு. விடு. வா. நான் கத்துவது: குடுங்க. விடுங்க சாமி. இக்கட்டால வாங்க. எட்டு வருஷமாக ஒவ்வொரு பந்துக்கும் எனக்கு மட்டும் இரண்டெழுத்து கூடுதல். பந்து மரியாதை பார்த்து நிற்குமா?

போன வருஷம் அரையிறுதி. லெஃப்ட் பேக்கிடம், "விடுங்க, நான் பாத்துக்கறனுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள். பழனிசாமி ஒரு வருஷமாக டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். என்ன மானங்கெட்ட சிரிப்பு.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

ஏழு மணிக்கு மாதா கோயிலில் பூசை, எட்டரைக்கு மைதானம். சாமியார் பிரசங்கம் நீளம். கொட்டாவி.

மேனேஜர் கோச் தொப்பி போட்டு வந்திருந்தான். புதுசு. அவனே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். "ஆரோக்கியம், உனக்குத் தோணறத நீ துரைகிட்டச் சொல்லு. துரை டீமுக்குச் சொல்லுவான். ஆருக்கும் மனத்தாங்கல் இல்ல பாரு."

நடந்தது இது:

நான்: "ரைட் அவுட்டை உள்ள வரச் சொல்லுங்க."
துரை: "என்னது?"
நான்: "ரைட் அவுட்டுங்க. உள்ளங்க."
துரை (கத்தி): "டேய், உள்ள வா!"
வந்தது லெஃப்ட் அவுட்.
பந்து அதற்குள் முள்வேலியில். பஞ்சர்.

பந்து, பம்பு பொறுப்பு யார்? நான்தான். வேலி ஓரம் உட்கார்ந்து ஒட்டுப் போட்டேன். பழனிசாமி பக்கத்தில் வந்து குந்தி, குரலைத் தாழ்த்தி, "அநியாயம்ப்பா இது" என்றான்.

"மேனேஜர்கிட்டச் சொல்லுங்களேன்."

"நான் சொன்னா எடுபடுமா?" என்று எழுந்து போய்விட்டான். மேனேஜர் நின்ற இடத்துக்கும் அவன் போன இடத்துக்கும் பத்தடி. பத்தடி தள்ளிச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போனது. துணி எடுத்ததுதான் மிச்சம்.

ஒரு முடிவு. கேப்டன் பதவி போகட்டும். ஆனால் கோப்பை ஆட்டத்தில் ஒரே ஒரு தரம், என் பந்து என்று தெரிந்தால், 'விடு' என்று சொல்வேன். வெறும் விடு. என்னவானாலும் ஆகட்டும்.

மத்தியானம் ஆற்றங்கரையில் ஆள் இல்லை. காய்கிற துணிகளைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். "விடு." நன்றாக வந்தது. ஒரு வெள்ளாடு வந்து துணி ஓரத்தைக் கடித்தது. "விடுறா!" அருமையாக வந்தது. ஆடு விட்டுவிட்டது.

பிறகு எதிரில் துரைசாமி நிற்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். "விடு" என்று வந்து, கொஞ்சம் நின்று, "ங்க" என்றது வாய். ஒருவரும் இல்லாத இடத்தில். எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆகஸ்ட் 11, வியாழன்

பயிற்சி: இருபது தரம் சொன்னேன். பதினாறு தரம் ஒழுங்காக வந்தது. நாலு தரம் வால் முளைத்தது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சிரித்தாள். "நானும் உங்கள ங்க போட்டுத்தான் கூப்புடறேன். எந்த டீமுக்கு நீங்க கேப்டன்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எம்மேல சொல்லிப் பழகுங்க, எதுக்க நிக்கறேன்" என்றாள். அவளிடம் விடு, குடு எல்லாம் எட்டு வருஷமாகத் தடையில்லாமல்தான் வருகிறது. அதை நினைத்தால் அதுவும் உறுத்துகிறது.

பிளாடர் இன்னும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 13, சனி

நேற்று அரையிறுதி ஜெயித்தோம், 3-1. நான் துரைக்கு, துரை டீமுக்கு என்று அஞ்சல் முறையில் கத்தியும் ஜெயித்தோம். எதிராளி அவ்வளவு மோசம்.

சாயங்காலம் துரை பட்டறைக்கே வந்துவிட்டான். தொட்டி ஓரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். "ஆரோக்கியம், நான் கேக்கல இந்தக் கேப்டன. மாமன் போட்டுட்டாரு. எனக்கு ஆட்டம் புரியறதில்லைன்னு எனக்கே தெரியும்."

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"நாளான்னைக்கு பைனல்ல இந்த ங்க எல்லாம் வேண்டாம். உன்ற பந்துன்னா விடுன்னே சொல்லு. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன். மேனேஜர் கேட்டா நான் பாத்துக்கறேன்."

நல்ல பையன். அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. நான் ஐந்து நாளாக ஆட்டிடம் கெஞ்சிக் கற்றுக்கொண்டதை, இருபத்திரண்டு வயது பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்குத் தானமாகக் கொடுக்கிறான்.

அதற்கு நான் சொன்ன பதில்: "சரிங்க."

ஆகஸ்ட் 15, திங்கள்

தோற்றோம். 2-1.

காலையில் கொடியேற்றம், மிட்டாய். முதலாளி குடும்பம் முன் வரிசையில். காற்று மைதானத்துக்குக் குறுக்கே. பந்து மேலே போனால் எங்கே இறங்கும் என்று கடவுளுக்கே தெரியாது.

முதல் பாதி 1-1. இரண்டாம் பாதியில் என் கால் சொன்னபடி கேட்டது. இப்படி ஒரு ஆட்டம் நான் ஆடியதில்லை. வேறு யாரும் எழுதப்போவதில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்.

கடைசி ஐந்து நிமிஷம். அவர்கள் தூக்கி அடித்த பந்து, காற்றில் நின்று, எனக்கும் துரைக்கும் நடுவில் இறங்குகிறது. நான் பந்தைப் பார்த்து நிற்கிறேன். அவன் பின்னால் ஓடிக்கொண்டே அண்ணாந்து பார்க்கிறான். என் பந்து. சந்தேகமே இல்லை. நேரமும் இருந்தது. ஒரு வார்த்தைக்குப் போதுமான நேரம்.

வாயைத் திறந்தேன். 'வி' வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஆற்றங்கரையில் பழகியதும் எட்டு வருஷமாகப் பழகியதும் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் வெளியே வந்தது, "விடுங்க சாமி".

அதற்குள் அவன் குதித்துவிட்டான். நானும் குதித்தேன். மண்டையும் மண்டையும். பழனிசாமி முன்னால் ஓடி வந்திருந்தான். பந்து அவன் தலைக்கு மேலே போய், குதித்துக் குதித்து, ஆளில்லாத கோலுக்குள் போனது.

விழுந்து கிடந்தேன். துரை நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் விடுன்னு சொல்லச் சொன்னனே ஆரோக்கியம்" என்றான். அழுகிற குரல்.

பரிசளிப்பு முடிந்து வேன் பக்கம் மேனேஜர் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றது தெரியாது. "பாத்தீங்களா. ஒத்தை வார்த்தை, வாயத் தொறந்து சொல்ல வரல. இவனக் கேப்டனாப் போட்டிருந்தா நம்ம கதி என்னாயிருக்கும்?"

முதலாளி தலையாட்டினார்.

பத்து நாளைக்கு முன், 'விடு' என்று சொல்லிவிடுவேன் என்பதால் கேப்டனாகப் போடவில்லை. இன்று, சொல்ல வரவில்லை என்பதால் போடாததே சரி என்கிறான். மூட்டையைக் கீழே போட்டு ஒரு உதை விடலாமா என்று இருந்தது. விடவில்லை. பந்து என் பொறுப்பு.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

நெற்றி வீக்கம், முட்டை அளவு. ஸ்டெல்லா மஞ்சள் பற்றுப் போட்டாள்.

இங்கே எழுத வருகிறது. விடு. விடு. விடு. நோட்டில் ஒரு தடையும் இல்லை. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. மேனேஜர் மேல் இருக்கிறது, நிறைய. ஆனால் பாதிக்கு மேல் என் நாக்கின் மேல்தான். மேனேஜர் போர்டில் எழுதினான், நாளைக்கே கிழிக்கலாம். இதை எங்கே போய்க் கிழிப்பது?

ஆகஸ்ட் 17, புதன்

காற்று நின்றுவிட்டது. துணி காயவே மாட்டேன் என்கிறது. வேலைக்குப் போனேன்.

கிளம்பும்போது ஸ்டெல்லா: "போனது போவட்டும், விடுங்க."

கேட்டில் பழனிசாமி: "விடுப்பா."

டீக்கடைக்காரர்: "ஆட்டந்தானே, விடு ஆரோக்கியம்."

பதினொரு மணிக்கு மேனேஜர் பட்டறைப் பக்கம் வந்தான். என் நெற்றியைப் பார்த்தான். "விடு விடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

மத்தியானம் துரை, நெற்றியில் கட்டோடு: "விடு ஆரோக்கியம்."

ஸ்டெல்லாவைத் தவிர நாலு பேர். ஒருவனுக்கும் நாக்குத் தடுக்கவில்லை.