ஃபேன் இல்லாத சர்வர்

என்னங்க,

நைட் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

வீட்டில் படங்களைச் சேமித்து டிவியில் பார்க்க நீங்கள் பார்த்து வைத்த குட்டி சர்வர் கம்ப்யூட்டருக்காகக் காலையில் கத்தினேனே, "கரன்ட் பில்லுக்குப் பயந்து டப்பாவ வாங்குறீங்க, சரியான கஞ்சப் பிசினாறி!" என்று. இப்போதுதான் மேசைமேல் உங்கள் பட்டியலைப் பார்த்தேன். பெரிய சர்வரை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: 'ஃபேன் இரையும். பகல்ல அவ தூங்கணும்.'

இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்து உதிர்ந்திருக்குமா?

குட்டியையே ஆர்டர் போடுங்கள். டிவிக்குக் கீழே இருந்த என் கைப்பைகளை எடுத்து இடம் ஒதுக்கிவிட்டேன்.

பி.கு.: சர்வர்தான் சத்தம் போடக் கூடாது. லீவு நாளில் உங்கள் குறட்டை கேட்காவிட்டால் எனக்குத் தூக்கமே வராது.