மன்னிப்புக் கடிதத்தில் நான் கையெழுத்திடவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போக மாட்டேன் என்கிறது, நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா என்பதுதான் இங்கே எல்லோர் கேள்வியும். இது யார் எழுத்து என்று திகைக்காதே கண்ணு, என்னுடையதுதான். நூலகத்து அம்மா நடத்தும் மாலை வகுப்பில் ஏழு மாதம் உட்கார்ந்ததன் பலன். இரண்டு வரி எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது, ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது.

போன வாரம் உன் கல்லூரியிலிருந்து ஒரு உறை வந்தது. உன் அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு, "கீழ ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா, அனுப்பிடறேன்" என்றான். குடு, நானே படிக்கிறேன் என்றேன். "நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அவ டாக்டராயிடுவா" என்று சிரித்தான். காலையில் எடுத்தவன் மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிடும்போதுதான் முடித்தேன். என் மகள் அறியாமல் எழுதிவிட்டாள், எழுதியதைத் திரும்பப் பெறுகிறாள், இனி இப்படி நடக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. நான் சொல்லாததையெல்லாம் நான் சொன்னதாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள்! கூடவே புதிய பாடமுறை பற்றி நீ எழுதிக் கொடுத்த கருத்தின் நகலும் இருந்தது. அதைப் படிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது.

உடம்பின் அமைப்பு ஒரு வருடம், நோய் ஒரு வருடம், மருந்து ஒரு வருடம் என்று தனித்தனியாகப் படிக்காமல், இதயம் என்றால் இதயத்தைப் பற்றிய எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்கும் புதிய முறை நல்லது என்றுதான் நீ எழுதியிருக்கிறாய். ஆனால் மூன்று ஆசிரியர்களும் கலந்து பேசுவதில்லை, ஒரே பாடத்தை மூன்று முறை கேட்கிறோம், சில பாடத்தை ஒருவருமே நடத்துவதில்லை, தேர்வு மட்டும் பழையபடி தனித்தனி என்கிறாய். இதில் பொய் எங்கே? கருத்துக் கேட்டது அவர்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியும் பெயர் எழுதிய ஒரே ஆள் நீ. அதற்காகத்தான் உள்மதிப்பெண்ணில் கை வைப்போம் என்கிறார்கள். "மன்னிப்பு எழுதிக் குடுத்துடட்டுமாப்பா" என்று நீ தொலைபேசியில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பு, நான் வேலை பார்த்த பணிமனையிலிருந்து வெளியே போன பேருந்து ஒன்று சுவரில் மோதியது. எஞ்சின் ஆள், மின்சார ஆள், பிரேக் பார்த்த நான், மூன்று பேரும் அவரவர் வேலை சரி என்றோம், முழு வண்டியை ஓட்டிப் பார்த்தவர் யாருமில்லை. மேலாளர் ஒரு தாளை நீட்டினார், கட்டைவிரலை வைத்தேன். குற்றம் முழுவதும் என்னுடையது என்று அதில் எழுதியிருந்ததாம். ஆறு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அன்று எனக்குப் படிக்கத் தெரியாது. இப்போது தெரியும்.

அதற்காக நீ எழுதியது எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் வருடத்திலேயே நோயாளியிடம் அழைத்துப் போவது வேண்டாம், ஒன்றும் தெரியாமல் நிற்க வெட்கமாக இருக்கிறது என்றாயே, அது எனக்கு ஒப்பவில்லை. கால் வீங்கி நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பெரிய டாக்டர்கள் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற ஒரு மாணவிதான், "ராத்திரி தூங்குனீங்களா ஐயா" என்று கேட்டாள். நீயும் போய் நில். வெட்கப்பட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

நேற்று கல்லூரி அனுப்பிய அந்தத் தாளில், படித்துப் பார்த்தேன், என் மகள் எழுதியது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை, கையெழுத்திட மாட்டேன் என்று எழுதி, யார் எழுதியது என்று தெரிய வேண்டுமே என்று அடியில் கையெழுத்தும் போட்டேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு அவனே அஞ்சலகத்துக்கு அழைத்துப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டான். என் கையெழுத்தை நான் கொடுக்கவில்லை, உன்னுடையது உன் கையில் இருக்கிறது. நீ எப்படி முடிவு செய்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும், ஆனால் பயந்து மட்டும் முடிவு செய்யாதே. அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம், நல்ல டாக்டராக வா. கல்லூரி முதல்வர் கூப்பிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து பேசு, நின்றுகொண்டு பேசாதே.

உன் அப்பா