மூன்று செங்கல்

அக்கா,

இன்று காலை மழை விட்டதும் கதவைத் திறந்தேன். தண்டையார்பேட்டைத் தெருவில் பாதம் மூழ்கும் தண்ணீர். நனைந்த செங்கல்லின் வாசனை வந்தது. கூடவே உங்கள் நினைவும்.

நான் ஆய்வு மாணவியாக இருந்த ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, கிருமி போக ஆவியில் வேகவைத்து அடுக்குவது உங்கள் வேலை. காலடிப்பேட்டையில் பஸ் ஏறும்போதே எனக்கும் ஓர் இடம் பிடித்துவிடுவீர்கள்.

ஒரு மாலை, மனித உடல் செல் ஒன்றுக்குள் பச்சை வாலோடு ஓடும் பாக்டீரியாக்களைத் நுண்ணோக்கித் திரையில் காட்டினேன்.

"இன்னாம்மா இது, ராக்கெட்டு மாரி போய்கினு கீது?"

"இதுக்குச் சொந்தமா எதுவும் கிடையாதுக்கா. செல்லு தன்னைத் தாங்கிக்க ஆக்டின்னு ஒரு புரதம் வெச்சிருக்கு. அதையே தன் பின்னால அடுக்கவெச்சு, அந்தத் தள்ளுல போகுது. வெளியவே வராது. சுவரையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டு அடுத்த செல்லுக்குள்ள போயிடும்."

"பக்கத்து வூட்டுக்கா? கில்லாடி தான்!"

ஓயாமல் அடுக்கியும் அந்த வால் ஏன் நீண்டுகொண்டே போவதில்லை என்பதைத்தான் எளிமையாக விளக்கத் தெரியவில்லை என்று உங்களிடம் புலம்பினேன். வாரக் கடைசியில் கருத்தரங்கில் பேச வேண்டும்.

மறுநாள் மழை. பஸ்ஸை விட்டு இறங்கினால் தெரு முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். ஒரு வீட்டு வாசலில் கிடந்த மூன்று செங்கற்களை எடுத்தீர்கள். என்னைக் கல்மேல் நிற்கவைத்து, நீங்கள் தண்ணீரில் நின்று, பின்னால் விட்ட கல்லை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே வந்தீர்கள்.

மாடியிலிருந்து ஒரு குரல்: "யார்து கல்லு அது?"

"உன்துதான் நைனா! உன் வூட்டத் தாண்டத்தான்!"

பிறகு என்னிடம், "உன் கிருமியும் இத்தானே பண்ணுது? பின்னாடி பேத்து முன்னாடி போட்டா வாலு எப்டி நீளும்?" என்றீர்கள்.

கருத்தரங்கில் அதையே சொன்னேன். அரங்கம் சிரித்தது, எல்லோருக்கும் புரிந்தது. "அருமையான உவமை. யார் சொன்னது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"எனக்கே தோணிச்சு சார்."

டீ தம்ளர்களோடு நீங்கள் கதவருகே நின்றிருந்தீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் விலாவில் இடித்தீர்கள். "தோணிச்சாமே!" என் முகத்தைப் பார்த்ததும், "வுடு கண்ணு. கல்லு யார்தா இருந்தா இன்னா, நீ தாண்டிட்டல்ல" என்றீர்கள்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கும் இதே பஸ்தானே என்று நினைத்தேன். நான்கு மாதத்தில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இத்தனை வருடம் கழித்து நேற்று, என்னிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு அந்தச் செங்கற்களைச் சொன்னேன். நிஜத்தில் பாக்டீரியா கல்மேல் நடப்பதில்லை, அடுக்கப்படும் கல்தான் அதைத் தள்ளுகிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பீர்கள். பலகையில் உங்கள் பெயரை எழுதி, சொன்னவர் இவர் என்றேன்.

"அவங்க எந்த டிபார்ட்மென்ட் மேடம்?" என்றாள் ஒருத்தி.

"எங்க லேப்ல குடுவை கழுவினாங்க. அன்னைக்கு என் பேர்ல சொல்லிக்கிட்டேன்."

 அவள் உங்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் என் வாசலில் மூன்று செங்கல் போட்டுவைக்கிறேன், அக்கா. இன்று காலை அவை அங்கே இல்லை. தெருவைத் தாண்டி எதிர்வீட்டுப் படியருகே, ஒரு காலடி இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக, ஈரமாகக் கிடந்தன.